பரிசு விழுந்த வீடும் பக்கத்து வீடும்

அரியாங்குப்பத்தில் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் தரையைப் பார்த்தபடி நடக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. காக்காயந்தோப்பை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில், மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகு, சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சின்னஞ்சிறு மணிகள் தலை காட்டும். பிள்ளைகள் பொறுக்குவார்கள். அப்படிக் கிடைத்த பொருள்களைப் பார்த்துத்தான், புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த மேட்டின் அருமையை உணர்ந்தார். 1937-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கைக்கு வந்த ஒரு கல்லில் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலை செதுக்கப்பட்டிருப்பதாக அவர் கண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்து, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் ரோமாபுரியோடு வாணிகம் செய்ததை உலகத்துக்குச் சொன்னார்.

ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த மணிகள் சரித்திரம். கதை எழுதுகிற எனக்கோ மணியைப் பொறுக்கிய பையன்மீதுதான் கண். அவன் அந்த மணியைச் செய்யவில்லை. விலை கொடுத்து வாங்கவில்லை. திருடவும் இல்லை. குனிந்தான், கிடைத்தது. அது அவனுடையதா? மண் யாருடையதோ அவருடையதா? அல்லது அந்தக் காலத்தில் கண்ணாடியை உருக்கி மணியாக்கிய தொழிலாளியின் வம்சத்துக்கு அதில் பங்கு உண்டா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பெரிய பெரிய சட்ட நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கரையில் நெடுங்காலம் செல்லுபடியான பிரெஞ்சு சிவில் சட்டம் 1804-இல் நெப்போலியன் காலத்தில் பிறந்தது. அது புதையலுக்கு ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறது. சொந்தக்காரர் இன்னார் என்று தெரியாமல் மறைந்து கிடந்து, முழுக்க முழுக்கத் தற்செயலாய்க் கண்ணில் பட்டதுதான் புதையல். பிறர் நிலத்தில் அது கிடைத்தால், கண்டவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு கணக்குப் போட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால்.

பாதியா முக்காலா என்பதில் வெள்ளைக்காரர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தற்செயலாக வந்த செல்வம் கண்டவன் ஒருவனுக்கு மட்டுமே உரியதாகிவிடாது என்று இருவருமே நினைத்தார்கள்.

இன்று அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மணி பொறுக்கிப் பணக்காரர் ஆகலாம் என்று யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. தரையைப் பார்த்து நடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது கைப்பேசியைப் பார்த்து நடக்கிறார்கள். கேரளத்துக் குலுக்கலில் எந்த எண் விழுந்தது என்று பிற்பகலில் தேடுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். புதையல் மண்ணிலிருந்து காகிதத்துக்கு இடம் மாறிவிட்டது. 'யாருடையது?' என்ற பழைய கேள்வியும் அதோடு கூடவே வந்துவிட்டது.

தமிழ் மக்களுக்கு லாட்டரிச் சீட்டு புதிதன்று. கேரள அரசு 1967-இல் அதற்கென்று ஓர் இலாகாவையே தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு; 50,000 ரூபாய் முதல் பரிசு; முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அண்ணாவின் அரசு தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் அப்போது சுவர்தோறும் நின்றது. சாமர்த்தியமான வாசகம். சீட்டு வாங்கித் தோற்றவனையும் தேச பக்தனாக்கிவிடுகிறது! பிறகு 1975-இல் கருணாநிதி அரசு அதை நிறுத்தியதும், பின்னால் வந்தவர்கள் மறுபடி தொடங்கியதும், 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

'விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற பாதியைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது 'விழுந்தால் வீட்டுக்கு' என்ற பாதியைப் பற்றி. விழுந்த பணம் உண்மையிலேயே வீட்டுக்கு வந்து சேருகிறதா? வந்தால், அந்த வீடு வீடாக இருக்கிறதா?

2022-ஆம் ஆண்டு ஓணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. சீட்டின் விலை 500 ரூபாய். குறைந்த பணத்துக்காகத் தம் குழந்தையின் உண்டியலை உடைத்துச் சீட்டு வாங்கியவர் அவர். சமையல் வேலைக்காக மலேசியா போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பரிசு விழுந்ததும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவர் முகத்தை நாடு முழுவதும் காட்டின. ஒரு வாரம் போவதற்குள் அவர் மனம் நொந்து பேசினார். வீட்டுக்கு வெளியே எப்போது பார்த்தாலும் கூட்டம்; உதவி கேட்டு வருகிறவர்கள் விடுவதாயில்லை; குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரிடம் அழைத்துப்போக முடியவில்லை; இருந்த வீட்டில் இருக்க முடியாமல் இடம் மாற வேண்டியிருந்தது. இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம், இதைவிடச் சிறிய பரிசு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் சொன்னார். அப்போது பரிசுப் பணம் அவர் கைக்கு வந்திருக்கவே இல்லை!

அடுத்த ஆண்டு அதே 25 கோடி, தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் கூட்டாக வாளையாற்றில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அவர்கள் முந்திய ஆண்டின் கதையை அறிந்தவர்கள். புகைப்படக்காரர்களுக்கு முகம் காட்டாமல் ஒதுங்கவே பார்த்தார்கள். திருடனுக்குப் பயந்து ஒளிகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கடன்காரனுக்குப் பயந்து ஒளிகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். பரிசு வாங்கிவிட்டு ஒளிய வேண்டியிருக்கிறது என்றால் அது யாருக்குப் பயந்து? உற்றாருக்கும் ஊராருக்கும் பயந்துதான்.

ஏன் இப்படி? பணக்காரர்கள் நம் ஊர்களில் இல்லையா? அரிசி ஆலைக்காரர் இருக்கிறார், ஜவுளிக் கடைக்காரர் இருக்கிறார். அவர்கள் வாசலில் 'என் மகள் கல்யாணத்துக்கு ஐந்து லட்சம் கொடு' என்று உரிமையோடு போய் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். இந்தப் பெரியவரும் ஒரு சொல்தா. இந்தோசீனாவின் சேற்றையும் சகாராவின் மணலையும் மிதித்தவர். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் தாத்தாதான்.

"பென்ஷன் வர்ற நாள்லதாம்பா எனக்கு எத்தனை மருமவப் புள்ளைங்கன்னு கணக்குத் தெரியும்" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

"எல்லாருக்கும் கொடுத்துடுவீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"சில பேருக்குக் கொடுப்பேன். சில பேருக்கு இல்லைம்பேன். இல்லைன்னா கோபிச்சுக்க மாட்டாங்க. ஏன் தெரியுமா? என் காலைக் காட்டுவேன்." முழங்காலுக்குக் கீழே நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. "இதுக்குத்தாண்டா அவன் பணம் கொடுக்கிறான்னு சொல்லுவேன். பேசாமப் போயிடுவாங்க."

அந்தத் தழும்புதான் விஷயம். உழைத்துச் சேர்த்த பணத்தைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. அந்த மனிதன் விடியற்காலையில் எழுந்து போனதை ஊர் பார்த்திருக்கிறது. கடையில் இரவு பத்து மணி வரை நின்றதைப் பார்த்திருக்கிறது. பணம் மெல்ல மெல்லச் சேரும்போது, 'இல்லை' என்று சொல்லவும் அவன் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறான். யாருக்குக் கொடுத்தால் திரும்பி வரும், யாருக்குக் கொடுத்தால் வராது, யாருக்குத் திரும்பி வராது என்று தெரிந்தும் கொடுக்க வேண்டும் என்ற பாடம் இருபது வருஷத்தில் படிந்துவிடுகிறது. பரிசுப் பணத்துக்கு அந்த வேலி கிடையாது. ஒரு பிற்பகலில் அது திறந்த வெளியில் வந்து விழுகிறது. 'உனக்கு என்ன, சும்மா வந்ததுதானே?' என்று கேட்கிறவனுக்குக் காட்டத் தழும்பு இல்லை. கேட்கிறவனுக்கு அது பேராசையாகத் தோன்றுவதில்லை, நியாயமாகவே தோன்றுகிறது. வாங்கியவனுக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான். 'ஆமாம், சும்மாதானே வந்தது?' என்று நினைத்துக் கையை நீட்டிவிடுகிறான். அவன் பணத்தைக் கரைப்பது பல நேரம் ஊதாரித்தனத்தால் அன்று, கூச்சத்தால்.

ஆகவே பரிசு விழுந்தவன் முதலில் செய்ய வேண்டியது அந்த வேலியைக் கட்டுவது. எதைக் கொண்டு கட்டுவது? காலத்தைக் கொண்டுதான். உழைப்பு இருபது வருஷத்தில் கொடுத்திருக்கக்கூடிய அவகாசத்தில் ஒரு வருஷத்தையாவது அவன் அந்தப் பணத்துக்குக் கொடுக்க வேண்டும்.

விழுந்த அன்று செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. சீட்டின் பின்புறம் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போடுவது. கையெழுத்தில்லாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் சாயும் காகிதம். பிறகு அதற்கு நகல் எடுத்துக்கொண்டு, குறித்த கெடுவுக்குள் நேரே அரசாங்க அலுவலகத்திலோ வங்கியிலோ ஒப்படைக்க வேண்டும். கேரளத்தில் அந்தக் கெடு 30 நாள். 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டப்படி, கெடுவுக்குள் கேட்கப்படாத பரிசு மாநில அரசின் சொத்தாகிவிடும். இடையில் 'நான் வாங்கித் தருகிறேன், கொஞ்சம் கமிஷன் கொடு' என்று வருகிறவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் சீட்டைக் கையில் கொடுக்கலாகாது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் செய்தி வந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். 'கோன் பனேகா க்ரோர்பதி' நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி 25 லட்சம் விழுந்ததாக ஆசை காட்டி, முன்பணம் கேட்டு ஏமாற்றும் கூட்டம் நாடெங்கும் இருக்கிறது. விதைக்காத வயலில் அறுவடைக்கு ஆள் கூப்பிடுகிறவனை யாராவது நம்புவார்களா?

அடுத்தது கணக்கு. 2022-இல் அந்த 25 கோடி என்ன ஆயிற்று என்று பாருங்கள். சீட்டு விற்ற ஏஜெண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 2.5 கோடி முதலில் போயிற்று. மிச்சம் 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரி, அதாவது 6.75 கோடி, பிடிக்கப்பட்டது. கைக்கு வரும் தொகை 15.75 கோடி. இதோடு முடிந்தது என்று நினைத்து வீடும் காரும் வாங்கிவிட்டால் ஆபத்து. அந்த ஆண்டுக் கணக்கில், வரியின்மேல் 37 சதவீதம் மேல்வரியும், அந்த மொத்தத்தின்மேல் 4 சதவீதம் செஸ்ஸும் உண்டு. பரிசு பெற்றவரே பின்னால் கட்ட வேண்டிய தொகை அது; ஏறத்தாழ 2.87 கோடி. நிகரமாக நிற்பது 12.88 கோடிதான். ஊரார் வாயில் 25. கையில் 13-க்கும் குறைவு. இந்த இடைவெளியில்தான் பல உறவுகள் முறிகின்றன. ஊர் 25-ஐ வைத்துப் பங்கு கேட்கிறது. கேரள லாட்டரித் துறையே 2023-இல், குலாத்தி நிதி - வரிவிதிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, பரிசு பெற்றவர்களை உட்கார வைத்துப் பணத்தைப் பராமரிப்பது எப்படி என்று வகுப்பு நடத்தியது. நல்ல காரியம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி பத்தியமும் சொல்லிவிட்டுப் போவதுதானே முறை?

அதன் பிறகு மௌனம். உற்ற துணையான மனைவியோ கணவனோ, நம்பிக்கையான ஒரு கணக்கர், வங்கி அதிகாரி ஆகியோரைத் தவிர மற்றவர்களுக்குச் சொல்லாமலிருப்பது. கடன் இருந்தால் முதலில் அதை அடைப்பது. மீதியை வங்கியில் போட்டுவிட்டு, ஒரு வருஷம் பழைய வேலைக்கே போய்வருவது. கொடுக்க வேண்டியவர்களுக்கு இவ்வளவு என்று நிதானமாக இருந்து எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி கொடுப்பது.

"பெற்ற தாய்க்கும் கூடப்பிறந்தவனுக்கும் மறைப்பது பாவமில்லையா?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பொய் சொல்வது வேறு, காலம் கேட்பது வேறு என்பது என் எண்ணம். உலை கொதிக்கும்போது மூடியைத் திறந்து எல்லோர் இலையிலும் அள்ளி வைக்கிற தாய் இல்லை. வெந்த பிறகு பரிமாறுகிறாள். அதுவரை 'இன்னும் ஆகவில்லை' என்கிறாள். அது வஞ்சனை ஆகுமா? என்றைக்குமே பரிமாறாமல் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் வஞ்சனை.

இனி, பரிசு விழுந்தவர்கள் எல்லாம் கடைசியில் கெட்டுப்போவார்கள் என்று நாம் ஆசையோடு சொல்லிக்கொள்ளும் கதைக்கு வருகிறேன். ஆசையோடு என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 1933 நவம்பரில் பிரான்சின் தேசிய லாட்டரி முதல் குலுக்கலை நடத்தியது. அப்போது நம் அரியாங்குப்பமும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. தராஸ்கோன் என்ற சிற்றூரில் முடி திருத்தும் தொழிலாளி ஒருவருக்கு 50 லட்சம் பிராங்க் விழுந்தது. அன்று முதல் இன்று வரை பத்திரிகைகளுக்கு இரண்டே கதைதான். முதல் நாள், ஏழை ராஜாவானான். பத்தாம் வருஷம், ராஜா மறுபடி ஏழையானான். முதல் கதை சீட்டு வாங்க வைக்கிறது. இரண்டாவது கதை சீட்டு விழாதவனைத் தேற்றுகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1978-இல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் பெரிய பரிசு பெற்ற 22 பேரை விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது என்று எழுதினார்கள். உலகம் இதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2020-இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு, சீட்டு வாங்கிய 3,000-க்கும் மேற்பட்டவர்களை, குலுக்கல் நடந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து விசாரித்தது. பெரிய தொகை பெற்றவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது, அது பல ஆண்டுகளுக்கு நீடித்தது என்று கண்டது. அப்படியானால் பணம் மனிதனைக் கெடுத்தே தீரும் என்பது விதியல்ல. பணம் வந்தவனைச் சுற்றி இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அவன் வாழ்க்கை அமைகிறது என்றே நான் நினைக்கிறேன். 'அவன் கெட்டுப்போவான்' என்று ஆரூடம் சொல்லிக்கொண்டே அவனைக் கெடுக்கிற கைகளும் நம்முடையவைதாம்.

நிற்க. அரிக்கமேட்டுப் பையனின் கேள்வியை மறந்துவிடவில்லை. தற்செயலாக வந்த செல்வத்தில் நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டு என்றன சட்டங்கள். பரிசுப் பணம் எந்த நிலத்தில் கிடந்த புதையல்? யார் அந்த நிலத்துக்காரர்?

வாசலில் வந்து நிற்கும் பங்காளியும் பக்கத்துத் தெருக்காரனும் தாங்கள்தான் நிலத்துக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். 'எங்கள் தெருவில் விழுந்த பரிசு' என்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் அவர்கள் காசு ஒன்றும் இல்லை. அது யாருடைய காசு? 2022-இல் அந்த ஒரு குலுக்கலுக்கு 66 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. பரிசு அந்தத் தோற்றவர்களின் 500 ரூபாய்களால் ஆனது. அவர்களிலும் குழந்தையின் உண்டியலை உடைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் உண்டியல் உடைந்ததைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் சொல்லவில்லை.

மகாபாரதத்தில் தருமன் தோற்றபோது எதிரே சகுனி உட்கார்ந்திருந்தான். வென்றவனுக்குத் தோற்றவன் முகம் தெரிந்தது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தச் சூதாட்டத்தின் கொடுமை இன்றுவரை நமக்கு உறைக்கிறது. லாட்டரி, தோற்றவன் முகத்தை மறைத்துவிட்ட சூது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்தபடியாகச் சூதை வைத்தார்; சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து. அந்த வரிசையே ஒரு வைத்தியக் குறிப்புபோல் எனக்குத் தோன்றுவதுண்டு.

தோற்றவன் முகம் சில சமயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அரியாங்குப்பத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். 2019 டிசம்பரில் அங்கே ஒரு நகைத் தொழிலாளி, மூன்று எண் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கி, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு உயிரை முடித்துக்கொண்டார். அந்தக் குழந்தைகள் எந்தச் சீட்டும் வாங்கியதில்லை. கேரளத்துக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களைச் சொல்லிப் பந்தயம் கட்டும் திருட்டு வியாபாரம் அது. சரியான எண் விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். விழுந்தாலும் பணம் தரவில்லையென்றால் கேட்க வழியில்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டிலேயே இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லிவிட்டது. புதுச்சேரியிலும் இந்த மூன்று எண் சீட்டு விற்றதற்காக ஆட்களைப் பிடித்த செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. வாங்குகிறவர்கள் யார்? தினக்கூலிக்காரர்கள். நாள் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்குப் போவதற்கு முன்பே எண்ணாகிவிடுகிறது.

ஆகவே, பரிசு பெற்றவனுக்கு ஒரு கடன் உண்டு என்றுதான் நான் முடிவு கட்டுகிறேன். அந்தக் கடன் கேட்டு வருகிறவனுக்கு அல்ல, கேட்டு வராதவனுக்கு. அதில் ஒரு பகுதியை வரி என்ற பெயரால் அரசாங்கம் முன்னாலேயே எடுத்துக்கொள்கிறது. 22.5 கோடியில் 9.6 கோடிக்கு மேல் போனதே, அதைச் சுமையாக எண்ணி அழ வேண்டியதில்லை. நிலத்துக்காரருக்குப் போன பாதி என்று எண்ணிக்கொள்ளலாம். மேலும் கொடுக்க மனமுள்ளவன், தன் தெருவில் சீட்டுக் கடனில் மூழ்கிய ஒரு வீட்டைக் கரையேற்றினால், அது வாசலில் வரிசையில் நின்ற நூறு பேருக்கு அள்ளிக் கொடுத்ததைவிடப் பெரிய தர்மம். வரிசையில் நிற்கிறவர்களில் குரல் பெரிதாக இருப்பவனுக்குத்தான் முதலில் கிடைக்கும். தோற்றவன் வெட்கத்தில் வீட்டுக்குள் இருப்பான்.

இவ்வளவும் பரிசு விழுந்தவனுக்குச் சொன்னேன். ஆனால் இதைப் படிக்கும் உங்களுக்கும் எனக்கும் பரிசு விழப்போவதில்லை. அது 66 லட்சத்தில் ஒன்று. ஒரு மனிதனுக்குப் பரிசு விழுந்தால் அவனுக்குத் தெருக்காரர்கள் நூறு பேர், உறவினர் இருநூறு பேர், கூடப் படித்தவர்கள் ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஆகவே பரிசு பெறுவதைவிட, பரிசு பெற்றவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரராகும் வாய்ப்புதான் நமக்குப் பல மடங்கு அதிகம். அப்படி ஒரு நாள் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று நாம் யாரும் யோசித்து வைத்திருப்பதில்லை. 'கோடி விழுந்தால் என்ன செய்வாய்?' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். 'பக்கத்து வீட்டில் கோடி விழுந்தால் என்ன செய்வாய்?' என்று எழுதச் சொன்ன வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

பரிசுக்கு அவசியம் இல்லை. இந்தச் சோதனை வேறு உருவங்களில் தினமும் வருகிறது. புறவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு வருகிறது. ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்குச் சேமநிதி மொத்தமாக வருகிறது. விபத்தில் கணவனை இழந்தவளுக்குக் காப்பீட்டுத் தொகை வருகிறது. அந்தத் தொகை வந்த வாரத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று அவளிடம் விசாரித்துப் பாருங்கள். துக்கத்துக்கு வராதவர்கள் வந்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டில் பணம் விழுந்தால் நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. அவர்களாகச் சொல்லாத தொகையைக் கேட்காமல் இருக்கலாம். நம் மகன் படிப்புச் செலவை அன்றைக்கென்று பேச்சில் இழுக்காமல் இருக்கலாம். பத்திரிகைக்காரர் வந்து விலாசம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யைச் சித்திரகுப்தன் எழுதிக்கொள்ள மாட்டான். மற்றபடி மறுநாள் காலையில், வழக்கம்போல் கோலம் போட வந்த அந்த அம்மாளைப் பார்த்து, வழக்கமான குரலில், "என்னம்மா, காப்பி ஆச்சா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்தப் பழைய குரலை அவர்கள் எந்தக் கோடியைக் கொடுத்தும் வாங்க முடியாது.